பங்கு இறைச்சி மிஞ்சினால் என்ன செய்வது?

கேள்வி: தீபாவளிக்கு எங்கள் ஒழுங்கையில் பலர் சேர்ந்து ஆடு வெட்டிப் பிரிக்கும் பங்கு இறைச்சி போட்டார்கள். நாங்கள் இரண்டு பங்கு எடுத்தோம். சமைத்ததில் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. கந்தசஷ்டி வருகிறது என்று பிரிஜுக்குள் மச்சம் வைக்க அம்மா விடவில்லை. சட்டியை அடுப்பிலேயே வைத்து இரவும் காலையும் கொதிக்க வைத்தோம். காலையில் கொதித்ததை மத்தியானம் அப்படியே சாப்பிட்டோம். அன்றிரவு அப்பாவுக்கு வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும். சத்தியோ காய்ச்சலோ இல்லை. அடுத்த நாள் தானாகவே நின்றுவிட்டது. அவருக்கு 68 வயது. சலரோகமும் பிரஷரும் இருக்கின்றன. கறி புளிக்கவும் இல்லை, மணக்கவும் இல்லை. கொதிக்க வைத்த கறி எப்படிப் பழுதாகும்? மிஞ்சுகிற இறைச்சியை வீணாக்காமல் வேறு எப்படிச் செய்து சாப்பிடலாம்?
— வாசகி, கோண்டாவில்

பதில்: அப்பா தேறிவிட்டது நல்லது. மலத்தைச் சோதிக்காமல் இதுதான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வேலை போலத்தான் இருக்கிறது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் குத்தும் ஓட்டமும் வரும். சத்தியும் காய்ச்சலும் பெரும்பாலும் இராது. ஒரு நாளில் அடங்கிவிடும்.

இந்தக் கிருமி மண்ணிலும் ஆடுமாடுகளின் குடலிலும் சாதாரணமாக இருப்பது. கறி கொதிக்கும்போது கிருமி செத்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. சட்டி மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். 43 முதல் 47 பாகை செல்சியஸ் வரையான சூட்டில்தான் மிக வேகமாகப் பெருகும். தடித்த குழம்போடு, மூடி போட்டு, இரவு ஒன்பது மணிக்கு இறக்கிய பெரிய சட்டியை நடுச்சாமத்தில் திறந்து அகப்பையை அடிவரை விட்டுப் பாருங்கள். ஓரம் ஆறியிருக்கும், நடு இன்னும் இளஞ்சூடாக இருக்கும். கிருமிக்கு வேண்டியது அந்த நடுப்பகுதிதான். காலையில் கொதிக்க வைத்தபோது இரவில் பெருகியவை செத்திருக்கும். ஆனால் அதற்குப் பிறகு மத்தியானம் வரை அதே சட்டி மறுபடியும் மெல்ல ஆறியிருக்கிறது. அதை அப்படியே சோற்றில் விட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

மணம் மாறாததை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் பல கறியின் மணத்தையோ ருசியையோ மாற்றுவதில்லை. இன்னொன்றும் உண்டு: கையிலுள்ள புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவில் சேரும் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி விடும் நஞ்சு, எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. அதனால் "கொதிக்க வைத்தால் சரி" என்ற பழக்கத்தை நம்பாதீர்கள். கறியைக் கெதியாக ஆற வைப்பதுதான் முக்கியம்.

சமைத்து இறக்கி இரண்டு மணித்தியாலத்துக்குள், வெக்கை கூடிய நாளில் ஒரு மணித்தியாலத்துக்குள், மிஞ்சினது பிரிஜுக்குள் போகவேண்டும். சட்டியோடு வைக்காமல் இரண்டு விரல் உயரத்துக்கு மேற்படாமல் தட்டையான பெட்டிகளில் பிரித்து வையுங்கள். முழுக்க ஆறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிரிஜ் 4 பாகைக்குள் இருந்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். உறைபெட்டியில் 2, 3 மாதம் ருசி கெடாமல் இருக்கும்.

அம்மாவின் விரதத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி தொடங்கிவிடுவதால், ஒரே நாளில் தின்று முடிப்பதும் சட்டியை வெளியில் வைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. இரண்டுமே உடம்புக்குக் கூடாது. இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் போட்டு, பையால் சுற்றி, உறைபெட்டியின் ஒரு மூலையில் வைக்க அம்மா சம்மதிப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் விரதம் பிடிக்காத அயலவருக்கோ சொந்தக்காரருக்கோ அன்றே, சூடாக இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் ஒரு பங்கு போதும்.

இனி, மிச்சத்தில் என்ன செய்யலாம் என்பது. தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பே பாதி இறைச்சியை எடுத்து வைத்துவிடுங்கள். பால் விட்ட கறி கெதியில் பழுதாகும். உறைய வைத்தால் திரியும். அப்பாவுக்கும் அந்தக் கொழுப்பு நல்லதல்ல. எடுத்து வைத்ததைப் பிரிஜில் ஓர் இரவு வைத்தால் மேலே செம்மஞ்சளாகக் கொழுப்பு கட்டிப்படும். அதைக் கரண்டியால் வழித்து எறிந்துவிடுங்கள். சமைக்கும்போது எவ்வளவு கவனமாக இருந்தாலும் இவ்வளவு கொழுப்பை உங்களால் பிரிக்க முடியாது.

அப்புறம் அந்த இறைச்சியை எலும்பு நீக்கிச் சின்னதாக உதிர்த்துக்கொள்ளுங்கள். கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி நிறையப் போட்டு, வெங்காயம், உள்ளி, மிளகோடு தாச்சியில் பிரட்டி, கடைசியில் தேசிக்காய்ப் புளி விட்டால் அருமையான பிரட்டல். இதில் மரக்கறி மூன்று பங்கு, இறைச்சி ஒரு பங்கு. இடியப்பம் மிஞ்சினால் இதோடு கொத்திவிடலாம். ஆனால் இடியப்பமும் வெளியில் கிடந்ததாக இருக்கக்கூடாது, அரிசி உணவில் வேறொரு கிருமி நஞ்சு விடும். எனக்குப் பிடித்தது இறைச்சிப் புட்டு. உதிர்த்த இறைச்சியைத் தண்ணீர் வற்றப் பிரட்டி, குழலில் தேங்காய்ப்பூவுக்குப் பதிலாக இடையிடையே போட்டு அவிப்பது. குரக்கன் மா என்றால் சலரோகக்காரர் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, அதிலும் மாச்சத்துத்தான். அப்பாவுக்கு ஒரு சின்னக் குழல் போதும்.

கட்லட், றோல்ஸ் செய்வதானால் கூட்டைக் கிளறி வைத்துவிட்டுப் பின்னேரம் வரை உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கூட்டைப் பிரிஜில் ஆறவிட்டு, கை கழுவி உருட்டி, உடனே பொரியுங்கள். ஈரலையும் இரத்த வறையையும் அன்றே முடித்துவிடுங்கள். யூரிக் அசிட் கூடியவர்கள் ஈரலையும் எலும்புச் சூப்பையும் விடுவதே நல்லது. உப்புப் போட்டு வத்தல் காயவிடும் யோசனை இருந்தால் ஐப்பசி மழையில் அது சரிவராது, பிரஷர்காரருக்கு அவ்வளவு உப்பும் ஆகாது.

அப்பாவுக்கு ஒரு வேளைக்கு எலும்பில்லாமல் தீப்பெட்டி அளவில் மூன்று துண்டு, அதுவும் ஒரு நாளைக்கு ஒரு வேளை.

மறுபடியும் வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி என்ற உப்பும் சீனியும் கலந்த தூளைப் பொதியில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அதிலுள்ள சீனிக்குப் பயந்து நிறுத்தவேண்டாம். ஆனால் சலரோக, பிரஷர் குளிசைகளை வழமைபோலக் கொடுக்கலாமா என்று உங்கள் வைத்தியரிடம் அன்றே கேளுங்கள். உடம்பில் தண்ணீர் வற்றும்போது சில குளிசைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்; சாப்பிடாமல் போட்டால் சில குளிசைகள் சீனியை ஆபத்தாகக் குறைத்துவிடும். மலத்தில் இரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைதல், எழும்பினால் தலைசுற்று, குடிப்பதெல்லாம் சத்தி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மயக்கமாக இருந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

விரதம் முடிந்து உறைபெட்டியிலிருந்து எடுக்கும்போது முதல்நாள் இரவே பிரிஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், குசினி மேசையில் வைத்து இளக விடவேண்டாம். தேவையான அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் குமிழி வரக் கொதிக்க வைத்து, உடனே பரிமாறுங்கள். இடையில் கரண்ட் போயிருந்தால், திறக்காத நிறைந்த உறைபெட்டி 48 மணித்தியாலம் வரை, பாதி நிறைந்தது 24 மணித்தியாலம் வரை தாங்கும். ஒற்றைக் கதவுப் பிரிஜின் ஐஸ்பெட்டியை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குள் இருந்தது இளகி, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தது என்றும் தெரியாவிட்டால், எறிந்துவிடுங்கள்.