வாங்கிய கேரவன் ஒழுகுகிறது, ஆர்.சி.யில் லோன் நிற்கிறது: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள், கோவையில் இருக்கிறோம். ஊர் ஊராகப் போய் வரலாம் என்ற ஆசையில் இரண்டு மாதம் முன்பு சென்னையில் ஒருவரிடம் பழைய கேரவன் வாங்கினோம். அவர் வியாபாரி இல்லை, சொந்த வண்டியைத்தான் விற்றார். 2017 மாடல் டெம்போ டிராவலர். உள்ளே கட்டில், சமையல் மேடை, கழிவறை வைத்து மாற்றியிருக்கிறார்கள். விலை 12 லட்சம். பத்தரை லட்சத்தை வங்கி மூலமும் மீதியை ரசீது இல்லாமல் கையிலும் கொடுத்தோம். 100 ரூபாய் பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடியே வாங்கிக்கொள்கிறேன்' என்று எழுதியிருக்கிறது. முதல் மழையிலேயே கூரை ஒழுகி மெத்தை நனைந்துவிட்டது. பெயர் மாற்றப் போனால், ஆர்.சி.யில் லோன் இருக்கிறது, வண்டியும் 13 சீட் ஆம்னி பஸ் என்றே பதிவாகியிருக்கிறது என்கிறார்கள். விற்றவரோ 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா?

பதில்: ஐயா, உங்களுக்கு ஒழுகல்தான் பெரிதாகத் தெரிகிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றம் தந்தது அந்த ஆர்.சி. எனவே முதலில் ஒன்று: இன்றிலிருந்து அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரைக்கும்கூட வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். ஆர்.சி.யில் இருக்கும் விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவு சேர்ந்தது. பதிமூன்று இருக்கையைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தது அவர்தான், நீங்கள் அல்ல. ஆனால் சோதனையில் பிடிபடும்போது ஸ்டீயரிங்கில் இருப்பது நீங்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்ளப் போவதும் இதைத்தான்.

இன்சூரன்ஸ் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கும். வண்டி கைமாறினால் பாலிசியும் சேர்ந்து மாறியதாக 157-ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் அது மூன்றாம் நபருக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லியிருக்கிறது. உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

சரி, நுகர்வோர் ஆணையம். அங்கே போக முடியாது. அந்தச் சட்டம் வியாபாரி மீதும் சேவை தருபவர் மீதும்தான் பாயும். சொந்த வண்டியை ஒருமுறை விற்றவர் வியாபாரி ஆகமாட்டார். ஒரு விஷயம் மட்டும் விசாரித்துப் பாருங்கள். அவர் பழைய வேன்களை வாங்கிக் கேரவனாக்கி வரிசையாக விற்கிறவரா? அதே எண்ணில் வேறு விளம்பரங்கள் இருக்கின்றனவா? அப்படியென்றால் அவர் வியாபாரிதான், அந்தக் கதவும் திறக்கும்.

இல்லையென்றால் சிவில் நீதிமன்றம். அங்கே 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்ற பேச்சுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. பொருளின் தரத்தைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்பதுதான் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. விற்றவர் ஒழுகலைப் பற்றி வாயே திறக்காமல் இருந்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரையில் காற்றுப்போக்கியைச் சுற்றி சீலன்ட் (ஒழுகாமல் அடைக்கும் பசை) இரண்டு அடுக்காக இருக்கிறது: அடியில் பழுப்பேறி வெடித்த பழையது, மேலே வெள்ளை வெளேரென்று புதியது. உள்ளே அதே இடத்தில் ஒட்டியிருக்கும் அலங்காரத் தாள் மட்டும் சுற்றியிருப்பதைவிட ஒரு நிறம் தூக்கலாகத் தெரிகிறது. அதை நீங்கள் கிழித்த இடத்தில் பிளைவுட் கறுத்து, விரலால் தொட்டாலே உதிர்கிற பதத்தில் இருக்கிறது. ஒரு பலகை இந்த நிலைக்கு வர ஒரு மழை போதாது. அப்புறம், விலை பேசும்போது அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: 'ரெண்டு மழைக்காலம் பார்த்தாச்சு சார், ஒரு சொட்டு ஒழுகாது.' தெரிந்த குறையை மூடி மறைப்பது மோசடி என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. மோசடியால் வாங்கிய சம்மதத்தை ரத்து செய்து, வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். இது 19-ஆம் பிரிவு. நீங்கள் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்த்திருக்கலாமே என்ற வாதம் மௌனம் காத்தவருக்கு உதவலாம், பொய் சொல்லி மறைத்தவருக்கு உதவாது. 'உள்ளது உள்ளபடியே' என்ற வரியும் அப்படித்தான். சாதாரணத் தேய்மானத்துக்கு அது கேடயம், மோசடிக்கு அல்ல.

லோன் விஷயத்தில் உங்கள் நிலை இன்னும் பலமானது. விற்கிற பொருளின் மீது வாங்குபவருக்குத் தெரியாத கடன் பாரம் எதுவும் இல்லை என்ற உத்தரவாதம், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் எழுதியதாகவே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஆர்டிஓ பெயர் மாற்றவும் மாட்டார். இதில் நடைமுறையில் இரண்டு நிலை உண்டு. பெரும்பாலும் கடனை அடைத்துவிட்டு, ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை (ஹெச்.பி.) கேன்சல் செய்யாமல் சோம்பலாக விட்டிருப்பார்கள். அப்படியானால் வங்கியின் தடையில்லாச் சான்றும் அந்தப் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்கித் தந்தால் முடிந்தது. நிஜமாகவே பாக்கி இருந்தால் கதை வேறு. அதை மறைத்துப் பணம் வாங்கியது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றமாகவே வரும். போலீஸில் 'இது சிவில் மேட்டர்' என்பார்கள். ஒழுகலை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆகவே புகாரில் லோனை மறைத்ததை முன்னால் வையுங்கள். ஒரு வேண்டுகோள்: பாக்கியை நானே கட்டித் தொலைக்கிறேன் என்று விற்றவர் கையில் இன்னொரு முறை பணம் கொடுத்துவிடாதீர்கள். கட்டுவதென்றாலும் நேரே கடன் கணக்கில்தான் கட்ட வேண்டும்.

அவரை மேசைக்கு வரவழைக்க உங்களிடம் ஒரு பிடி இருக்கிறது. பெயர் மாறும் வரை சட்டத்தின் கண்ணில் அந்த வண்டிக்கு அவர்தான் உரிமையாளர். நான்கு கை மாறிய வண்டி விபத்துக்குள்ளான வழக்கில்கூட, ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விற்பனையை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அவருடையது. உங்கள் கடமைக்குக் கெடு 30 நாள். அது தாண்டிவிட்டது, தாமதக் கட்டணம் வரும், பரவாயில்லை. இதையெல்லாம் வக்கீல் நோட்டீஸில் எழுதினால் நிறையப் பேர் இறங்கி வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பணத்தைக் கேட்பதா, வண்டியை வைத்துக்கொண்டு ரிப்பேர் செலவைக் கேட்பதா? இதை முடிவு செய்வது ஒழுகல் அல்ல, அந்த மாற்று வேலையை யார் செய்தார்கள் என்பது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. அதன்படி சான்று பெற்ற இடத்தில் கட்டிய வண்டி என்றால் ஆர்.சி.யைச் சரிசெய்யப் பார்க்கலாம். உள்ளூர்ப் பட்டறையில் வெல்டிங் வைத்தது என்றால், கூரையைத் தங்கத்தில் போட்டாலும் அதைக் கேரவன் என்று ஓட்ட முடியாது. அப்போது திருப்பிக் கொடுப்பது ஒன்றே வழி. பட்டறை பில்லைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். நோட்டீஸில் முதல் கோரிக்கை 12 லட்சத்தையும் திருப்பித் தரச் சொல்வதாகவும், இரண்டாவது கோரிக்கை மாற்றாக நஷ்டஈடு கேட்பதாகவும் இருக்கட்டும்.

கையில் கொடுத்த ஒன்றரை லட்சத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். பத்திரத்தில் 12 லட்சம் என்று முழு விலை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த நாள் உங்கள் வங்கியில் எடுத்த பணம், 'வந்து சேர்ந்தது சார்' போன்ற ஒரு செய்தி, கூட இருந்த மனைவியின் சாட்சியம் என்று சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 12 லட்சத்துக்கு 36,000 ரூபாய். அதற்கு முன்பு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து லோக் அதாலத்தில் பேசிப் பாருங்கள். கட்டணம் இல்லை, அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அவர் தவணையில் தருகிறேன் என்று சொன்னால் அதையும் அங்கேயே எழுத்தில் வாங்குங்கள். பணம் முழுதும் வரும் வரை சாவியைக் கொடுக்காதீர்கள்.

அதுவரை கூரையைப் பிரித்து வேலை பார்க்க வேண்டாம். குறை தெரிந்த பிறகு வண்டியை ஓட்டினாலோ ரிப்பேர் செய்தாலோ, நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று வாதிடுவார்கள். வண்டிக்குப் பாடி கட்டும் இரண்டு பேரிடம் காட்டி எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள். கிழித்த அந்தத் தாளையும் உதிர்ந்த பிளைவுட் துண்டுகளையும் ஒரு பையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் நியமித்துப் பார்வையிட வரும் வக்கீலான அட்வகேட் கமிஷனர் கையில் அவற்றைத்தான் கொடுக்கப் போகிறோம்.