காலை பேட்ச் நின்றுபோன பிட்னஸ் ஸ்டுடியோ: கட்டிய வருடப் பணத்தை மீட்க முடியுமா?

கேள்வி: கோவையில் ஒரு சின்ன பிட்னஸ் ஸ்டுடியோவில் 500 ரூபாய் கொடுத்து ரிஃபார்மர் பிலாட்டீஸ் (ஸ்பிரிங் வைத்த மெஷினில் செய்யும் உடற்பயிற்சி) டிரையல் கிளாஸ் போனேன். பிடித்திருந்தது. இன்றைக்கே சேர்ந்தால் வருடத்துக்கு 48,000, நாளைக்கு வந்தால் 66,000 என்றார்கள். கிரெடிட் கார்டில் இ.எம்.ஐ. போட்டுச் சேர்ந்துவிட்டேன். காலை 6.30 பேட்ச், ஒரு கிளாஸுக்கு எட்டுப் பேர்தான், ஆளுக்கொரு மெஷின் என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தார்கள். மூன்று மாதத்தில் டிரெய்னர் போய்விட்டார், காலை பேட்ச்சையே எடுத்துவிட்டார்கள். மாலை கிளாஸில் பதினான்கு பேர், பாதிப் பேருக்கு மெஷின் இல்லாமல் தரையில் பாய் போட்டு நடத்துகிறார்கள். பணத்தைக் கேட்டால், திருப்பித் தர மாட்டோம் என்ற நிபந்தனையில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்கிறார்கள். இ.எம்.ஐ.யை நிறுத்திவிடலாமா? ஒரு கிளாஸில் மணிக்கட்டு பிசகியது, அதற்கும் கேட்கலாமா?

பதில்: முதலில் இ.எம்.ஐ. விஷயம், ஏனென்றால் அதில்தான் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நிறுத்தாதீர்கள். ஸ்டுடியோவுக்குப் போக வேண்டிய பணம் அன்றைக்கே போய்விட்டது, இப்போது நீங்கள் கட்டுவது வங்கிக்கான கடன். நிறுத்தினால் வட்டியும் அபராதமும் ஏறும், சிபில் ஸ்கோர் விழும், ஸ்டுடியோவுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. அதற்குப் பதில், பணம் வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை என்று கார்டு கொடுத்த வங்கியிடம் எழுத்தில் டிஸ்ப்யூட் போடுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு, அதனால் இந்த வாரமே செய்துவிடுங்கள். மூன்று மாதம் கிளாஸ் போனதால் வங்கி ஏற்காமலும் போகலாம், ஆனால் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

இப்போது அந்தக் கையெழுத்து. உங்களைப் போல எழுதுகிற எல்லோரும் ‘அந்த நிபந்தனை செல்லுமா செல்லாதா’ என்றே கேட்கிறார்கள். ஸ்டுடியோவும் உங்களை அந்தக் கேள்விக்குள்ளேயே வைத்திருக்கத்தான் பார்க்கும். உங்கள் வழக்கு அது இல்லை. மனம் மாறி விலகுபவருக்குத்தான் ‘பணம் திரும்பாது’ என்ற வாசகம் ஓரளவு பொருந்தும். எனக்கு நேரமில்லை, ஆர்வம் போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருந்தால், பெரிதாக எதுவும் கிடைக்காது என்று சொல்லி இந்தப் பதிலை இரண்டு வரியில் முடித்திருப்பேன். ஆனால் இங்கே மாறியது அவர்கள். காலை 6.30, எட்டுப் பேர், ஆளுக்கொரு மெஷின் என்று சொல்லி விற்றுவிட்டு அந்த மூன்றையும் எடுத்துவிட்டார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது, பிரிவு 2(11). குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) தனியாகவே சொல்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, சில வக்கீல்களே தவற விடுவது. அதே சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பிரிவு 2(46) இருக்கிறது, படித்ததும் நமக்காகவே எழுதியது போலத் தோன்றும். ஆனால் அந்தப் புகாரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்க முடியாது, மாநில நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 48,000 ரூபாய்க்கு அந்த அலைச்சல் தேவையா? புகாரில் ‘ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள்’ என்று எழுதாமல், சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டால் கோவை மாவட்ட ஆணையமே போதும். ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைத் திணிப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல், வீடு வாங்கியவருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் நடந்த ஒரு வழக்கில் (பயனீர் அர்பன்) சொல்லியிருக்கிறது. பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்புதான், இருந்தாலும் கையெழுத்தைக் காட்டி அவர்கள் வாதாடும்போது கை கொடுக்கும்.

‘இன்றைக்கு மட்டும்’ ஆஃபர் உண்மையிலேயே அன்றைக்கு மட்டும்தானா என்று பாருங்கள். அவர்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதே 48,000 இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பொய்யான அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பதை 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் உத்திகள்) வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. அவை முக்கியமாக ஆப், இணையதளம் வழியாக நடப்பதற்கானவை, வாயால் சொன்னதற்கு அப்படியே பொருந்தாது. அதனால் இது துணை வாதம் மட்டுமே, வழக்கை இதன் மேல் நிறுத்தாதீர்கள்.

ஸ்கிரீன்ஷாட் என்றதும் நினைவுக்கு வருகிறது, அவர்களுடைய புக்கிங் ஆப்பில் இருக்கும் உங்கள் பழைய கிளாஸ் விவரம், காலை பேட்ச் காணாமல் போன அட்டவணை, எட்டுப் பேர் என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் கணக்கை முடக்கிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது பேச்சு மட்டும்தான். புகாரோடு இவற்றைச் சேர்க்கும்போது பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன் கீழ், மின்னணு ஆதாரங்களுக்கான ஒரு சான்றிதழும் இணைப்பது நல்லது. அப்புறம், பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தேடுங்கள். போர்டில் பளபளப்பாக ஒரு பெயர் இருக்கும், சட்டப்படியான பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும். பிரான்சைஸ் என்றால் பெரிய கம்பெனி, இங்கே நடத்துபவர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம்.

எவ்வளவு கேட்பது? மூன்று மாதம் ஒழுங்காகப் போயிருக்கிறீர்கள், அதைக் கழிக்கத்தான் வேண்டும். முழு 48,000-ஐக் கேட்டால் உங்கள் மேல் நம்பிக்கைதான் குறையும். மாதம் 4,000 கணக்கில் 12,000 போக 36,000 கேளுங்கள். அவர்கள் வேறு கணக்கோடு வருவார்கள்: ஒவ்வொரு மாதமாகக் கட்டுபவருக்கு உதாரணமாக 6,500 என்றால், அந்த ரேட்டில் மூன்று மாதத்துக்கு 19,500 போக 28,500தான் மீதி என்று. பேச்சுவார்த்தை பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முடியும். வழக்கு என்று போனால் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் தனியாகக் கேட்கலாம்.

மணிக்கட்டு விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ‘எது நடந்தாலும் என் பொறுப்பு’ என்று எழுதி வாங்கிவிட்டதாலேயே டிரெய்னரின் கவனக்குறைவு மன்னிக்கப்பட்டுவிடாது. ஆனால் அந்தக் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியது நீங்கள். அன்றைக்கோ மறுநாளோ டாக்டரிடம் போன சீட்டு இருந்தால் சிகிச்சைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பலவீனமான கோரிக்கை ஒன்று பலமான கோரிக்கையையும் கெடுக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்களே ஒரு கடிதம் எழுதி ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை (இதை எழுதுவது வக்கீல்!). கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, ஆனால் புகார் நிறுவனத்துக்குப் போய்ச் சேரும், பெயர் கெடுமே என்று சில இடங்களில் அந்த நிலையிலேயே பணம் வந்துவிடுகிறது. வராவிட்டால் ஆணையத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதற்கு மேலேயே ஆகும். இடையில் கோபத்தில் கூகுள் ரிவ்யூவில் ‘மோசடிக் கும்பல்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள், அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கடிதம் கிடைத்ததும் அநேகமாக போன் வரும். மெம்பர்ஷிப்பை ஆறு மாதம் ஃப்ரீஸ் செய்கிறோம், அடுத்த கிளையில் சேர்ந்துகொள்ளுங்கள் என்பார்கள். உங்களுக்குச் சரிப்பட்டு வந்தால் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பணமே தருகிறோம் என்றால், கணக்கில் பணம் விழுவதற்கு முன்னால் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.