போக ஆறரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "மகளின் பேறுகாலத்துக்காகக் கோலாலம்பூர் போகிறேன். திருச்சியில் இரவு 11.30க்குப் புறப்பட்டு, காலை 6 மணிக்கு அங்கே போய்ச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. திரும்பும்போது அங்கே இரவு 8.30க்கு ஏறினால் 10 மணிக்கே திருச்சியாம். டிக்கெட்டில் ஏதும் தப்பா? வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?"

தப்பு ஒன்றுமில்லை, ஆச்சி. புறப்படும் நேரம் புறப்படுகிற ஊர்க் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேருகிற ஊர்க் கடிகாரப்படியும்தான் டிக்கெட்டில் போடுவார்கள். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அங்கே காலை 6 என்றால் இங்கே விடியற்காலை 3.30. ஆக, 11.30க்கு ஏறி 3.30க்கு இறங்குகிறீர்கள், நாலு மணி நேரம்தான். திரும்பும்போது அங்கே இரவு 8.30 என்பது இங்கே மாலை 6. பத்து மணிக்கு இறங்கினால் அதுவும் நாலு மணி நேரம். அப்பச்சி காலத்தில் இரண்டு மணி வித்தியாசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவும் சரிதான். 1982 ஜனவரி 1 முதல்தான் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது.

நேர்கோட்டில் அளந்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே சுமார் 2,690 கிலோமீட்டர். மேலே ஏறியபின் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். வகுத்துப் பார்த்தால் மூணேகால் மணி நேரத்தில் முடிய வேண்டும். மீதி எங்கே போகிறது? நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை எல்லாமே கணக்கில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. வான்வழியும் நூல் பிடித்தாற்போல இருக்காது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் நம் தலைக்கு மேல் வெகு உயரத்தில் கிழக்கிலிருந்து பலத்த காற்று வீசும் (1950களில் அதை ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம்). அப்போது போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று, வரும் விமானத்துக்குத் தள்ளிவிடும் காற்று. சில நிமிடங்கள் முன்னே பின்னே ஆகலாம், அதற்கு மேல் கவலை வேண்டாம்.

இனி கார். திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால் ஊருக்குள் போய் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. காரைக்குடி, திருமயம், புதுக்கோட்டை வழியாக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பயணம் என்பதால் 8.30க்கு அங்கே இருப்பது நல்லது. மாலை 5.30க்குக் கிளம்பினால் புதுக்கோட்டையில் ஒரு காபி குடிக்கவும் நேரமிருக்கும்.

நிறையப் பேர் ஏமாறுவது தேதியில்தான். உங்கள் விமானத்தை நேரம் மாற்றி நள்ளிரவு 12.15 ஆக்கிவிட்டால் டிக்கெட்டில் மறுநாள் தேதி விழும். 15ஆம் தேதி 12.15 என்றிருந்தால், 14ஆம் தேதி சாயங்காலமே கார் வாசலில் நிற்க வேண்டும். 15 சாயங்காலம் போனால் விமானம் போய் முக்கால் நாள் ஆகியிருக்கும்.