நிலைவாசலுக்கு அடியில் கிடக்கும் காசு

அன்புள்ள ஐயா,

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் பூர்வீக வீடு இடிந்து மண்மேடாகக் கிடக்கிறது. மனை என் பெயரில் இருக்கிறது. பழங்காசு தேடுவதற்காக ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறேன். எங்கே தொடங்கலாம்? கிடைக்கும் காசை எதைப் போட்டுத் துலக்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

துலக்கவே துலக்காதீர்கள். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது தாத்தா வீட்டுத் திண்ணையைப் பெயர்த்தார்கள். களிம்பேறிய செப்புக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் 18 என்ற இரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மீதியையும் படித்துவிடும் ஆசையில் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன். அரைமணி நேரத்தில் பளபளவென்று ஒரு செப்பு வில்லை கையில் இருந்தது. ராணியும் இல்லை, ஆண்டும் இல்லை. அந்தத் திண்ணையின் வயதை இனி யாரும் சொல்ல முடியாது.

தொடங்க வேண்டிய இடம் நிலைவாசல். நிலை வைக்கும்போது அடியில் நவதானியத்தோடு காசும் போடுவது நம் வழக்கம். அங்கே 1887 என்று பொறித்த காசு இருந்தால், அந்த நிலை அதற்கு முன் வைக்கப்பட்டதல்ல என்பது உறுதி. அதே காசு சட்டைப்பைக்குப் போய்விட்டால் வெறும் பழங்காசுதான். ஆகவே எடுப்பதற்கு முன் படம் பிடியுங்கள், ஆழத்தை அளந்து குறியுங்கள். ஓட்டைக் காலணா கிடைத்தால் அது 1943க்கும் 1947க்கும் இடையில் அடித்தது. கருவி ஆணிக்கும் கீலுக்கும் கூடக் கத்தும், எரிச்சலில் வீசிவிடாதீர்கள். கதவு எங்கே இருந்தது என்பதை அந்தக் கீல்தான் சொல்லும்.

இங்கிலாந்தின் ஹாக்ஸ்னே கிராமத்தில் 1992இல் ஒருவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடிக் கருவியோடு போனார். ரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் வரத் தொடங்கின. கொஞ்சம் எடுத்ததுமே தோண்டுவதை நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: மரப்பெட்டி மட்கிப் போயிருந்தும், உள்ளே எது எதன்மேல் அடுக்கப்பட்டிருந்தது என்பது தெரிந்தது. அவர் ஆசைப்பட்டு அள்ளியிருந்தால் அந்த அடுக்கு அன்றே கலைந்திருக்கும். சுத்தியலும் கிடைத்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மனை உங்களுடையது என்பதால் புதையலும் உங்களுடையதாகிவிடாது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைப்பதன் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இன்னொன்று, உங்களுடையது கீழடி இருக்கும் மாவட்டம். கருப்பு சிவப்புப் பானை ஓடு கண்ணில் பட்டால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

எடுத்த காசை ஒட்டிய மண்ணோடு காகித உறையில் போட்டு, இடத்தையும் ஆழத்தையும் உறைமேல் எழுதிவையுங்கள். நிலைவாசலில் என்ன இருந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.