குதிகாலைக் குற்றம் சொல்லாதீர்கள்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் குவாட்டர்பேக்குக்கு அடிபட்டால் அந்த அணிக்கு அந்த வருஷமே போச்சு என்கிறார்கள். 2023-ல் ஆரன் ராட்ஜர்ஸ் முதல் மேட்சிலேயே காயம்பட்டு வெளியேறாமல் இருந்திருந்தால் நியூயார்க் ஜெட்ஸ் எங்கேயோ போயிருக்கும் என்று நியூ ஜெர்சியில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை இன்றைக்கும் அடித்துச் சொல்கிறார். பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் இல்லாவிட்டால் இப்படியா? எல்லாம் விதி என்று விட்டுவிட வேண்டியதுதானா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: விதியின் மேல் பழி போடுவதில் ஒரு சௌகரியம், அது திரும்பிப் பேசாது. ஜெட்ஸ் நிர்வாகம் அந்தச் சௌகரியத்தை ஆசை தீர அனுபவித்தது.

மாப்பிள்ளை சொல்வதில் பாதி உண்மை. கிரிக்கெட்டில் நட்சத்திர பேட்ஸ்மேன் சீக்கிரம் அவுட்டானால் பின்னால் வருகிறவர்கள் ஒப்பேற்றிவிடலாம். இங்கே அணி தாக்கி ஆடும் ஒவ்வொரு முறையும் பந்து குவாட்டர்பேக் கைக்குத்தான் முதலில் வரும். எதிரணி எப்படி நிற்கிறது என்று படித்து, தேவையானால் அங்கேயே திட்டத்தை மாற்றி, மூன்று நொடிக்குள் பந்தை எறிய வேண்டும். அதற்குள் நூற்றிருபது நூற்று முப்பது கிலோ ஆட்கள் நாலைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வருவார்கள். 2010-ல் பத்து ஆட்டம் ஜெயித்த இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், அடுத்த வருஷம் அதன் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங் கழுத்து அறுவைச் சிகிச்சையால் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போனதும் இரண்டு ஜெயித்தது, பதினாலு தோற்றது. ஆக, ஆட்டம் காண்பது பொய்யில்லை.

ஆனால் ஜெட்ஸ் கதை வேறு. 2023 ஏப்ரலில் கிரீன் பே பேக்கர்ஸிடமிருந்து ராட்ஜர்ஸை வாங்கினார்கள். லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை நாலு முறை வாங்கியவர்தான், சந்தேகமில்லை. வயது 39. மாப்பிள்ளை வருகிறார் என்று அவர் ஊர்ச் சமையல்காரர், மேளக்காரர் எல்லோரையும் சேர்த்துக் கூட்டி வருவதுபோல (உங்கள் மாப்பிள்ளையைச் சொல்லவில்லை) அவருடைய பழைய பயிற்சியாளர் நத்தானியல் ஹேக்கெட், பழைய சகாக்கள் ஆலன் லசார்ட், ராண்டல் காப், டிம் பாயில் என்று ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்து யார் என்ற கேள்விக்கு மட்டும் சாக் வில்சன் என்று பதில் வைத்திருந்தார்கள். 2021-ல் டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புதுமுகங்களை எடுக்கும் தேர்வு) இரண்டாவது ஆளாகத் தேர்வு செய்த பையன். முந்தின சீசனில் சரியில்லை என்று இவர்களே உட்கார வைத்த பையன்!

செப்டம்பர் 11 ராத்திரி, மெட்லைஃப் ஸ்டேடியம். ராட்ஜர்ஸ் கையில் தேசியக் கொடியோடு ஓடி வருகிறார், அரங்கமே அதிர்கிறது. அவருடைய நான்காவது ஸ்நாப் (ஆட்டம் தொடங்கப் பந்தைப் பின்னால் தரும் ஒவ்வொரு முறைக்கும் அப்படிப் பெயர்). வலதுகைக்காரரான அவருக்கு இடதுபக்கம் கண்ணில் படாத பக்கம். அங்கே காவல் நின்றவர் டுவேன் பிரவுன், வயது 38, தோளில் அறுவைச் சிகிச்சை முடித்து வந்தவர். பஃபலோ பில்ஸ் அணியின் லியோனர்ட் ஃப்ளாய்டின் காலை வாரிவிடப் பார்த்தார், ஃப்ளாய்ட் எழுந்து வந்து ராட்ஜர்ஸைப் பிடித்துச் சாய்த்துவிட்டார். ராட்ஜர்ஸ் எழுந்தார், ஒரு நொடி நின்றார், பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். இடது குதிகால் தசைநார் அறுந்து போயிருந்தது. 39 வயதுக்காரரைக் காக்க 38 வயதுக்காரரை நிறுத்தியது எந்தக் கிரகத்தின் வேலை?

செயற்கைப் புல்லின் மேலும் பழி விழுந்தது. ஆட்டக்காரர் சங்கம் நிஜப் புல் கேட்பதில் நியாயம் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். (2026 உலகக் கோப்பைக்கு ஃபிஃபா நிபந்தனை போட்டதும் அதே மைதானம் நிஜப் புல்லுக்குத் தலையாட்டியது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.)

அன்று ராத்திரி ஜெட்ஸ் தோற்கவில்லை என்பது பலருக்கும் மறந்துவிட்டது. கூடுதல் நேரத்தில் 22-16 என்று ஜெயித்தார்கள். தடுப்பாட்டம் அவ்வளவு பலம். அப்புறம்தான் சறுக்கல். வில்சன், பாயில், ட்ரெவர் சீமியன் என்று மாற்றி மாற்றி இறக்கினார்கள். நவம்பரில் மயாமிக்கு எதிராக, முதல் பாதி முடிய இரண்டே நொடி இருக்கும்போது பாயில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீளப் பந்தை எறிய, ஜெவோன் ஹாலண்ட் தன் கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் அதைப் பிடித்து 99 கஜமும் ஓடி டச்டவுன் போட்டார். அந்த சீசனைச் சொல்ல அந்த ஒரு காட்சி போதும்.

அதே சமயம் க்ளீவ்லேண்டில் என்ன நடந்தது? பிரவுன்ஸ் அணியின் குவாட்டர்பேக் டிஷான் வாட்சனுக்குத் தோள் எலும்பு முறிந்து சீசன் முடிந்தது. எந்த அணியும் கூப்பிடாமல் வீட்டில் இருந்த ஜோ ஃபிளாக்கோவை நவம்பரில் கூப்பிட்டார்கள். அவருக்கும் 38 வயது. ஐந்து ஆட்டம் ஆடி நாலு ஜெயித்தார். அந்த வருஷம் ஐந்து குவாட்டர்பேக்குகளை வைத்து ஆட்டம் தொடங்கிய பிரவுன்ஸ், பதினொரு வெற்றியோடு பிளேஆஃப் போனது. பிளேஆஃபில் ஹூஸ்டனிடம் 45-14 என்று செமத்தியாக வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு விஷயம். இந்த ஃபிளாக்கோ முந்தின வருஷம் எந்த அணியில் இருந்தார் தெரியுமா? ஜெட்ஸில்! ராட்ஜர்ஸ் விழுந்த மறுநாள் காலை ஒரு போன் போட்டிருந்தால் கிடைத்திருப்பார். டிசம்பர் 28 அன்று பிரவுன்ஸுக்கு பிளேஆஃப் இடத்தை உறுதி செய்த ஆட்டத்தில் அவர் 37-20 என்று தோற்கடித்ததும் இதே ஜெட்ஸைத்தான்.

இன்னும் பெரிய சாட்சி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். 2017 டிசம்பரில் அதன் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸுக்கு முழங்கால் போயிற்று. மாற்று ஆளாக வந்த நிக் ஃபோல்ஸ், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் டாம் பிரேடியின் அணியை 41-33 என்று சாய்த்தார். ஃபோல்ஸ் மந்திரவாதி இல்லை. அவருக்கு முன்னால் நின்று மறித்த வரிசை உறுதியானது, பயிற்சியாளர் டக் பீடர்சன் அவருக்குத் தோதான ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தார்.

சரி, ராட்ஜர்ஸ் மட்டும் இருந்திருந்தால்? இதற்கு ஊகம் தேவையில்லை, நடந்தே காட்டிவிட்டது. 2022-ல் அவர் வருவதற்கு முன் ஜெட்ஸ் 7 வெற்றி, 10 தோல்வி. 2023-ல் அவர் நாலே ஸ்நாப் ஆடிய வருஷமும் 7 வெற்றி, 10 தோல்வி. 2024-ல் குணமாகித் திரும்பி பதினேழு ஆட்டமும் ஆடினார்: 5 வெற்றி, 12 தோல்வி. ஐந்து ஆட்டம் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலேவையும், நவம்பரில் பொது மேலாளர் ஜோ டக்ளஸையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளையிடம் இந்த மூன்று வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள். சாப்பாடு முடிந்த பிறகு.

ஒரு கொசுறு. ராட்ஜர்ஸ் அந்த வருஷம் 65 சதவீத ஸ்நாப் ஆடினால் ஜெட்ஸ் தன் 2024 டிராஃப்டின் முதல் சுற்றுத் தேர்வை கிரீன் பேக்குக் கொடுக்க வேண்டும், ஆடாவிட்டால் இரண்டாம் சுற்றுத் தேர்வு போதும் என்று ஒப்பந்தம். காயத்தால் முதல் சுற்று மிச்சமானது. அதில் பதினொன்றாவது ஆளாக ஜெட்ஸ் எடுத்தது ஓலு ஃபஷானுவை. குவாட்டர்பேக்குக்குக் காவல் நிற்கும் டாக்கிள்.