பழுதாகும் நாளை நினைத்து வாங்குங்கள்: முதற் கணினி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (கல்முனை வாசகர் ஒருவர்): அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். பகலில் அழைப்பிதழ்களும் பதாகைகளும் வடிவமைக்கிறேன். மாலையில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறேன். இரவில் நண்பர்களுடன் வலோரன்ட் விளையாடுவேன். என் மடிகணினி இதற்கெல்லாம் இனித் தாக்குப்பிடிக்காது. மூன்றரை இலட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். முதற் தடவையாகப் பாகங்களைத் தனித்தனியே தெரிவு செய்து ஒரு மேசைக் கணினி அமைக்க விரும்புகிறேன். கடையொன்றில் தந்த விலைப்பட்டியலில் இன்டெல் கோர் ஐ5 12400எஃப் புரோசசர், 16 ஜி.பி. டி.டி.ஆர். 4 ரேம், ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்ட், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஆகியவற்றோடு கடைசி வரியாக 'கேசிங், 600 வாட் பவர் சப்ளையுடன்' என்று இருக்கிறது. இதை அப்படியே வாங்கலாமா?

பதில்: மேலே உள்ள வரிகளில் சில்லறைத் திருத்தங்கள்தான் சொல்வதற்கு இருக்கின்றன. கடைசி வரியை மட்டும் அப்படியே விட முடியாது.

கேசிங்கோடு சேர்ந்து வரும் பவர் சப்ளையைக் கழற்றிப் பார்க்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் கடையிலேயே குனிந்து வாசித்தால் போதும். அதில் 12 வோல்ட் என்ற நிரலின் கீழ் எத்தனை அம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். மேலே பெரிய எழுத்தில் 600 வாட் என்று போட்டிருந்தாலும், அந்த நிரலில் 20 அம்பியர் என்று இருந்தால், 12ஐ 20ஆல் பெருக்க, கணக்கு 240 வாட்டோடு முடிந்துவிடுகிறது. உங்கள் புரோசசர் உச்ச வேலையில் 117 வாட் வரை எடுக்கும். கிராபிக்ஸ் கார்ட் 115 வாட் எடுக்கும். இரண்டும் அந்த 12 வோல்ட் வழியிலிருந்தே எடுக்கின்றன. ஆக 232 வாட் போக, மின்விசிறிகளுக்கும் தாய்ப்பலகைக்கும் (மதர்போர்ட்) எஞ்சுவது 8 வாட். விளையாட்டின் நடுவில் கணினி தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் பலருடைய கதை இந்த அட்டவணையில்தான் ஆரம்பிக்கிறது. தனியாக விற்கப்படும், பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட் பவர் சப்ளை ஒன்று 12 வோல்டில் ஏறத்தாழ 45 அம்பியர் தரும். அது உங்களுக்குத் தாராளம். 750 வாட் தேவையில்லை. '80 பிளஸ்' முத்திரையைக் காட்டி விற்பார்கள். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரையே தவிர, மின்னழுத்தம் எகிறும்போது உள்ளிருக்கும் பாகங்களைக் காப்பாற்றும் என்பதற்கான சான்று அல்ல. ஆகவே உத்தரவாதம் எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்தது அந்த 'எஃப்' என்ற எழுத்து. புரோசசருக்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை என்பதே அதன் பொருள். விளையாடுவதற்கு மட்டும் கணினி வாங்குபவருக்கு அது நட்டமில்லை. தனி கார்ட் இருக்கிறதே என்று விட்டுவிடலாம். ஆனால் நீங்கள் இதை வைத்துத்தான் பிழைக்கப் போகிறீர்கள். நமது பகுதிகளில் கிராபிக்ஸ் கார்ட் பழுதானால், அது பெரும்பாலும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்புக்குப் போய், முகவரிடம் கிடந்து, மாற்றோ திருத்தமோ ஆகித் திரும்பி வர வேண்டும். பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவுக்கு முச்சக்கரவண்டியில் போய் வரக்கூடியவருக்கு அது ஒரு பின்னேர வேலை. நமக்கு இரண்டு மூன்று கிழமைகள் ஆவதைக் கண்டிருக்கிறேன். அத்தனை நாளும் எஃப் வகைப் புரோசசர் உள்ள கணினியில் திரையில் ஒன்றுமே தெரியாது. எஃப் இல்லாத 12400 என்றால், கார்டைக் கழற்றிவிட்டு, திரையின் கேபிளைத் தாய்ப்பலகையில் செருகி, அழைப்பிதழ் வேலையைத் தொடரலாம். வலோரன்ட்கூட ஒருவாறு ஓடும். வீடியோக் கோப்புகளை வாசிப்பதற்கென்று இன்டெல் அந்த உள்ளிணைந்த பகுதியில் வைத்திருக்கும் தனிச் சுற்று, தொகுப்பு வேலையின்போது காலவரிசையில் (டைம்லைன்) முன்னும் பின்னும் நகர்த்துவதையும் இலகுவாக்கும். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கடையில் கேட்டுப் பாருங்கள். திருமண வீடியோ ஒன்றுக்கு நீங்கள் வாங்கும் கூலியோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியாது.

இங்கே என் சொந்த அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எஃப் வகைப் புரோசசரோடு நான் முதன்முதலில் பொருத்திய கணினியில் படமே வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினேன். புரோசசரையே எடுத்துப் பார்த்தேன். இரவு ஒரு மணியாகிவிட்டது. கடைசியில் பார்த்தால், திரையின் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுவதற்குப் பதிலாகத் தாய்ப்பலகையில் செருகியிருந்தேன்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் பக்கம் போக விரும்பினால் ரைசன் 5 7600 நல்ல தெரிவு. அதற்குள்ளும் சிறியதொரு கிராபிக்ஸ் பகுதி உண்டு, அதன் ஏ.எம். 5 தளத்தில் (புரோசசரைப் பொருத்தும் தாய்ப்பலகை வகை) நாலைந்து வருடம் கழித்துப் புரோசசரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் இடமிருக்கிறது. ஆனால் அது உங்கள் பட்டியலில் உள்ள டி.டி.ஆர். 4க்கு அடுத்த தலைமுறையான டி.டி.ஆர். 5 ரேமை மட்டுமே ஏற்கும். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவை காரணமாக 2025இன் கடைசி மாதங்களில் நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக ஏறியது. ஆகவே புரோசசர், தாய்ப்பலகை, ரேம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டிய தொகையை இரண்டு பக்கத்துக்கும் எழுதி வாங்கி ஒப்பிடுங்கள். புரோசசரின் விலையை மட்டும் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

வடிவமைப்பையும் வீடியோவையும் ஒன்றாகத் திறந்து வைக்கும் உங்களுக்கு 16 ஜி.பி. ரேம் போதாது. 32 ஜி.பி.யை இரண்டு 16ஆக வாங்கி, தாய்ப்பலகையில் நான்கு இடங்கள் இருந்தால், புரோசசரிலிருந்து எண்ணும்போது வரும் இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்துங்கள். எஸ்.எஸ்.டி. 1 டி.பி. ஆகட்டும். கிராபிக்ஸ் கார்டைப் பற்றிக் கூடுதலாகப் பேச ஒன்றுமில்லை: வலோரன்டுக்கு ஆர்.டி.எக்ஸ். 4060 தேவைக்கு மேலானது, ஆகவே கடைக்காரர் அதற்கு மேலுள்ளதைக் காட்டினால் பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். அந்த மிச்சக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

அந்த வேலை யூ.பி.எஸ்., அதாவது மின்சாரம் நின்றதும் பற்றறியிலிருந்து கணினியைச் சிறிது நேரம் ஓடவிடும் பெட்டி. பெரும்பாலான வீடுகளில் காணப்படும் 650 வி.ஏ. யூ.பி.எஸ். கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 360 முதல் 390 வாட் வரைதான்; வி.ஏ. என்பதும் வாட் என்பதும் ஒன்றல்ல. உங்கள் கணினியும் திரையும் விளையாட்டின்போது 300 வாட்டை எட்டும். புதிதாக இருக்கையில் அது சமாளிக்கும். பற்றறி பழையதாகும்போது, மின்சாரம் நின்ற கணமே தானும் விழுந்துவிடும். 1000 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்குங்கள். அதுகூட வேலையைச் சேமித்து அணைப்பதற்கான அவகாசத்துக்குத்தான். அச்சகத்து லேசர் அச்சுப்பொறியை அதில் ஒருபோதும் செருக வேண்டாம்.

யூ.பி.எஸ்.ஸுக்கு முன்னர் சுவரைப் பாருங்கள். பழைய வீடுகளில் உருண்டை முனைச் செருகிக்கான பொயின்ற்றே இன்னும் இருக்கிறது. புவித்தொடுப்பு (எர்த்) முனையை இணைக்காமல் ஏமாற்றும் இடைச்செருகி ஒன்றை மாட்டிக் கணினியை ஓட்டுகிறார்கள். புவித்தொடுப்பு இல்லாத இடத்தில், வெறுங்காலுடன் சீமெந்துத் தரையில் நின்று, கேசிங்கின் பின்புற ஆணியில் புறங்கை மெதுவாகப் பட்டால், எறும்பு ஊர்வதுபோல் ஒரு கூச்சம் தெரியும். பவர் சப்ளையின் வடிகட்டி மண்ணுக்கு அனுப்ப வேண்டிய சிறு மின்கசிவு, போக வழியின்றி இரும்பில் தங்கி நிற்பதன் அடையாளம் அது. உயிரைப் பறிக்கும் அளவு அல்ல என்றாலும், அந்த வீட்டில் மின்னல் பாதுகாப்புச் செருகி முழுப் பயனைத் தராது என்பதற்கு அதுவே அறிகுறி. மின்னிணைப்பாளர் ஒருவரை அழைத்து, 13 அம்பியர் சதுர முனைப் பொயின்ற் ஒன்றைச் சரியான புவித்தொடுப்போடு போட்டுக்கொள்ளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால், ஆளியை அணைப்பது போதாது. செருகியைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். செம்புக் கம்பியில் இணையம் வருகிறதென்றால் அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் தாக்கிய பாகத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்பது அநேகமான பற்றுச்சீட்டுகளின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்.

அந்தச் சிறிய எழுத்தை வாங்குவதற்கு முன்னரே வாசியுங்கள். 'ஒரு வருடம்' என்பது 350 நாட்கள் என்று எழுதியிருப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன். கருகல், கீறல், துரு ஆகியவற்றுக்கும் விதிவிலக்கு இருக்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் நமக்கு இந்தத் 'துரு' என்ற சொல் சாதாரணமானதல்ல. உப்புக் காற்று படும் சன்னலோரத்தில் கேசிங்கை வைக்காதீர்கள். மாரியில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் ஊர்களில் தரையிலும் வைக்காதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டில் எழுதப்பட வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு வழங்க வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் வியாபாரியின் கடமை. அச்சட்டத்தின்படி முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் அதிகார சபைக்குக் கொடுக்க வேண்டும். விசாரிப்பதற்கான தொலைபேசி இலக்கம் 1977.

கேள்வி (ஏறாவூரிலிருந்து ஒரு தாய்): உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கும் மகன் விளையாடவும் படிக்கவும் ஏற்ற கணினி கேட்கிறான். 'ஐ7 கேமிங் கணினி' என்று விளம்பரம் செய்யும் ஒருவர் மிகக் குறைந்த விலை சொல்கிறார். புதிய ஐ3 கணினி அதைவிட விலை கூடவாக இருக்கிறது. ஐ7 தானே பெரியது?

பதில்: ஐ7 என்பது ஒரு தலைமுறைக்குள் உள்ள தரவரிசை மட்டுமே, எந்தத் தலைமுறை என்பதை அதற்குப் பின்னால் வரும் இலக்கம்தான் சொல்லும். விளம்பரம் செய்பவரிடம் முழு இலக்கத்தையும் கேளுங்கள். அவர் 3770 என்று சொன்னால், அது 2012இல் வெளிவந்த புரோசசர். அதற்குப் பத்து வருடம் பிந்திய ஐ3 12100க்கும் அதே நான்கு கருக்கள்தான் (புரோசசருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதிகள்); ஆனால் ஒவ்வொரு கருவும் செய்யும் வேலை மிகக் கூடுதல். கடற்கரை வீதியில் பழைய லொறியையும் புதிய மோட்டார் சைக்கிளையும் ஓடவிட்டுப் பார்க்கும் காரியம் இது. எது பெரியது என்பதல்ல கேள்வி.

இதைவிட முக்கியமானதொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய புரோசசர்களை, ஒரு சிலவற்றைத் தவிர, முறைப்படி ஏற்பதில்லை. குறுக்கு வழியில் நிறுவித் தருவார்கள்தான். ஆனால் வலோரன்ட் போன்ற விளையாட்டுகள் விண்டோஸ் 11இல் டி.பி.எம். 2.0, பாதுகாப்பான தொடக்கம் (செக்கியூர் பூட்) ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும். அவை இல்லாவிட்டால் விளையாட்டு திறக்காது. கணினி வீட்டுக்கு வந்த அன்றே மகன் அதைக் கண்டுபிடித்துவிடுவான். பணம் போன பிறகு கண்டுபிடிப்பதுதான் பிரச்சினை.

கையில் உள்ள பணத்துக்கு 'எஃப்' இல்லாத புதிய ஐ3யோ, உள்ளிணைந்த கிராபிக்ஸ் சற்றுப் பலமான ரைசன் 5 5600ஜியோ கிடைக்குமாக இருந்தால், கிராபிக்ஸ் கார்ட் இல்லாமலேயே அதை வாங்கி, 16 ஜி.பி. ரேமும் நல்ல பவர் சப்ளையும் போடுங்கள். கார்டை அடுத்த வருடம் சேர்க்கலாம். மகனுக்கு இது முழுத் திருப்தி தராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): கட்டாரில் வேலை செய்யும் மச்சான் விடுமுறையில் வரும்போது கிராபிக்ஸ் கார்ட் ஒன்று கொண்டு வருவதாகச் சொல்கிறார். அங்குள்ள மின்சாரத்துக்குச் செய்த பொருள் இங்கே வேலை செய்யுமா?

பதில்: வேலை செய்யும். கார்ட் சுவரிலிருந்து மின்சாரம் எடுப்பதில்லை. உங்கள் பவர் சப்ளையிலிருந்து 12 வோல்டைத்தான் எடுக்கிறது. யோசிக்க வேண்டியது உத்தரவாதத்தை. பல நிறுவனங்கள் அதை வாங்கிய நாட்டிலேயே வைத்திருக்கின்றன. இங்குள்ள முகவர் பெட்டியைப் பார்த்ததும் கையை விரித்துவிடுவார். ஆகவே மச்சானின் விடுமுறை எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒரு மாதமாக இருந்தால், அவர் வந்திறங்கிய அன்றே கார்டை மாட்டி, முதல் இரண்டு கிழமையும் தினமும் சில மணிநேரம் அதைக் கடுமையாக வேலை வாங்குங்கள். உற்பத்திக் குறை இருந்தால் அநேகமாக அந்த நாட்களிலேயே தலைகாட்டும்; அப்படியானால், பெட்டியும் பற்றுச்சீட்டும் பத்திரமாக இருக்கும் நிலையில், அவர் திரும்பிப் போகும்போதே கையில் கொடுத்து அனுப்பி மாற்றிக்கொள்ளலாம். வரும்போது அதைக் கைப்பையிலேயே கொண்டு வரச் சொல்லுங்கள்.