44 வயதில் வேலை மாறலாமா? மதிப்பெண் அட்டவணையைச் சரியாகப் போடும் முறை

கேள்வி: எனக்கு வயது 44. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். சேர்ந்து 17 வருடம் 8 மாதம் ஆகிறது. கைக்கு வருவது 72,000 ரூபாய். பேசிக்கும் டிஏவும் சேர்த்து 30,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 18,000. வீட்டுக் கடன் தவணை 19,500, இன்னும் 6 வருடம் இருக்கிறது. தவணையும் சேர்த்து மாதச் செலவு 66,000. எஃப்டியில் 6 லட்சம். மூத்தவள் பிளஸ் ஒன், இளையவன் ஏழாவது. சர்க்கரை நோயுள்ள அம்மா எங்களோடு இருக்கிறார். இந்த வேலையில் மனசு ஒட்டவில்லை. மூன்று யோசனை வைத்திருக்கிறேன்: சிறு தொழிற்கூடங்களுக்கு ஐஎஸ்ஓ (தரச் சான்றிதழ்) ஆலோசகராகப் போவது (ஒரு நாளுக்கு 6,000 கிடைக்கும் என்கிறார்கள்), மரச்செக்கு எண்ணெய்க் கடை (9 லட்சம் முதலீடு), பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பது (30,000 சம்பளம்). நண்பர் சொன்னபடி 10 அம்சங்களை எழுதி, ஐந்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். இருக்கிற வேலை 31, ஐஎஸ்ஓ 32, செக்கு 33, பாலிடெக்னிக் 32. இதை வைத்து என்ன முடிவெடுப்பது?

பதில்: இதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நான்கு வழிகளும் 31-க்கும் 33-க்கும் நடுவில் வந்து நிற்பதற்குக் காரணம் அட்டவணை போட்ட விதம்தான்.

உங்கள் 10 அம்சங்களைப் பாருங்கள். சம்பளம், வருமான உறுதி, தவணை கட்ட முடிவது, சேமிப்பு: நான்கும் பணம்தான். மன நிறைவு, ஆர்வம் என்று இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒன்றேதான். ஒரே விஷயத்தை நான்கு பெயரில் எழுதினால் அதற்கு நான்கு ஓட்டு. அடுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரே எடை. மகளின் படிப்புக்கும் ஊரில் கிடைக்கும் மரியாதைக்கும் சமமாக 5 மதிப்பெண். மூன்றாவது, ஐந்துக்குப் போடும்போது 3 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்று நீங்கள் எழுதி வைக்கவில்லை. அப்படி விட்டால் எவர் கையும் 3-க்கும் 4-க்கும்தான் போகும். கூட்டினால் எல்லாம் 32-ஐச் சுற்றி வராமல் என்ன செய்யும்?

இந்த முறை புதிதல்ல. 1772-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தேவாலய ஊழியராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, ஷெல்பர்ன் பிரபுவின் மாளிகையில் நூலகப் பொறுப்பு தருவதாக அழைப்பு வந்தது. அவருக்கு அப்போது 39 வயது, வளரும் குடும்பம். பெஞ்சமின் பிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்ல முடியாது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சொல்கிறேன் என்று பிராங்க்ளின் பதில் எழுதினார்: தாளை இரண்டாகப் பிரித்து, சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் என்று மூன்று நான்கு நாள் எழுதிக்கொண்டே வா, பிறகு இரு பக்கமும் எடை ஒத்தவற்றை அடித்துவிடு, மிஞ்சுவதைப் பார். அந்த ‘அடித்துவிடு’ என்பதுதான் உங்கள் அட்டவணையில் விட்டுப்போனது.

முதலில் மதிப்பெண்ணை மறந்துவிட்டு, எந்த வழியாக இருந்தாலும் தாண்டியே ஆக வேண்டிய கட்டாய நிபந்தனைகளை எழுதுங்கள். இதில் தோற்ற வழி வேறு எதில் நூறு வாங்கினாலும் உள்ளே வரக்கூடாது. ‘மன நிறைவு 5’ தவணை கட்டாது. உங்கள் கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் தெரிகின்றன.

ஒன்று, வருமானம். செலவு 66,000, மனைவியின் சம்பளம் 18,000, ஆக மாதம் 48,000 நீங்கள் கொண்டுவர வேண்டும். இங்கே ஒரு சந்தேகம். இருவர் சம்பளமும் சேர்ந்து 90,000, செலவு 66,000 என்றால் மாதம் 24,000, வருடத்துக்கு 2.88 லட்சம் மிஞ்ச வேண்டும். எஃப்டி அந்த வேகத்தில் வளரவில்லை என்றால் செலவுப் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் கல்யாண மொய், வண்டி ரிப்பேர், பள்ளி திறக்கும் மாதம், திடீர் ஆஸ்பத்திரிச் செலவு. நினைவிலிருந்து எழுதாமல், கடந்த 12 மாத பாஸ்புக்கில் வெளியே போன தொகை முழுவதையும் கூட்டி 12-ஆல் வகுங்கள். உண்மைச் செலவு 75,000 என்று வந்தால் நீங்கள் கொண்டுவர வேண்டியது 57,000. கீழே 48,000 என்றே கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் எண் மாறினால் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம்? கிராஜுவிட்டி (விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை): 30,000 × 15 ÷ 26 × 18 வருடம் = குறைந்தது 3.11 லட்சம். கடைசி வருடத்தில் 6 மாதத்துக்கு மேல் வேலை செய்திருப்பதால் 17 வருடம் 8 மாதம் 18 வருடமாகவே கணக்காகும். எஃப்டி 6 லட்சத்தில் 1.5 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கினால் மீதி 4.5 லட்சம். மொத்தம் 7.61 லட்சம், மாதம் 48,000 என்றால் 15 மாதம். பிஎஃப் பணத்தை இதில் சேர்க்கவில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள். 10 வருடத்துக்கு மேல் பணி செய்துவிட்டதால் அதன் பென்ஷன் பகுதியை மொத்தமாக எடுக்கவும் முடியாது. திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு பென்ஷனாக வரும்.

இரண்டு, இழக்கத் துணியும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு. வீட்டையும் மனைவியின் நகையையும் தொடாமல் 4 லட்சம் என்று வைப்போம். மூன்று, மூத்தவள் பிளஸ் டூ முடிக்கும் வரை ஜாகை மாறக்கூடாது.

இப்போது பாருங்கள்: பாலிடெக்னிக் 30,000, முதல் நிபந்தனையிலேயே போய்விட்டது. செக்கு 9 லட்சம், இரண்டாவதில் போய்விட்டது. உங்கள் பழைய அட்டவணையில் முதலிடம் வாங்கியது அதுதான்! அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மிஞ்சியவை இரண்டு: இருக்கிற வேலை, ஐஎஸ்ஓ ஆலோசனை. மூன்றாவதாக நீங்கள் எழுதாத வழி ஒன்று இருக்கிறது: இதே வேலையை வேறு நிறுவனத்தில் செய்வது. 40-ஐத் தாண்டியவர்கள் போடும் அட்டவணையில் அநேகமாக விடுபடுவது இந்த வரிதான். அலுத்தது தொழிலா, அந்தக் கம்பெனியா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதையும் சேர்த்துக்கொள்வோம்.

அடுத்து எடை. ‘எது முக்கியம்’ என்று கேட்டால் எல்லாமே முக்கியம் என்றுதான் பதில் வரும். கேள்வியை இப்படி மாற்றுங்கள்: எல்லா அம்சமும் மிக மோசமான நிலையில் இருக்கிறது, ஒன்றை மட்டும் மிக நல்ல நிலைக்குத் தூக்கலாம் என்றால் எதை முதலில் தூக்குவீர்கள்? அதற்கு 100. அடுத்து எதை, முதலாவதோடு ஒப்பிட்டால் அது எத்தனை பெறும்? உங்கள் கடிதத்தின் தொனியை வைத்து மாதிரிக்குப் போட்டால்: மூன்றாம் வருட வருமானம் 100, வேலையில் ஈடுபாடு 80, நேரம் நம் கையில் இருப்பது 60, அனுபவம் பயன்படுவது 40, 60 வயதைத் தாண்டியும் செய்ய முடிவது 40. மொத்தம் 320.

இதை நீங்கள் ஒரு தாளிலும், மனைவி வேறொரு தாளிலும், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். இரண்டு எண்களும் 30, 40 என்று விலகும் வரியில்தான் வீட்டில் பின்னால் சண்டை வரும். அதை இப்போதே பேசிவிடுங்கள்.

மதிப்பெண்ணை 0 முதல் 10 வரை போடுங்கள், ஆனால் இரு முனைகளையும் வாக்கியமாக எழுதிய பிறகு. வருமானத்துக்கு 0 என்றால் மாதம் 48,000, 10 என்றால் ஒரு லட்சம். ஆக ஒரு மதிப்பெண் 5,200 ரூபாய். நேரத்துக்கு 0 என்றால் இரவு ஷிப்டில் மெஷின் நின்றாலும் உங்களுக்கே போன் வரும் நிலை, 10 என்றால் வாரத்தில் 5 மாலை வீட்டில். ஒரு அம்சத்தை எடுத்து எல்லா வழிகளுக்கும் போட்டுவிட்டு அடுத்த அம்சத்துக்குப் போங்கள். ஒரு வழியை எடுத்து மேலிருந்து கீழே போட்டால், பிடித்த வழிக்குக் கை தானாக 8, 8, 9 என்று எழுதிக்கொண்டே போகும்.

மாதிரி மதிப்பெண், இருக்கிற வேலை, வேறு கம்பெனி, ஆலோசனை என்ற வரிசையில்:

வருமானம் (100): 6, 8, 5
ஈடுபாடு (80): 2, 5, 8
நேரம் (60): 3, 3, 7
அனுபவம் (40): 7, 8, 8
60-க்குப் பின் (40): 4, 4, 8

எடையால் பெருக்கிக் கூட்டினால் 1,380, 1,860, 2,200. அனுபவ வரியில் மூன்றும் ஏறக்குறைய சமம். பிராங்க்ளின் சொன்னபடி அதை அடித்துவிட்டாலும் வரிசை மாறாது.

பலர் இங்கே பேனாவை மூடிவிடுவார்கள். ஆலோசனை 2,200, ஜெயித்தது, ராஜினாமா எழுது! உண்மையில் அட்டவணையின் பயனே இனிமேல்தான். எந்த மதிப்பெண் எவ்வளவு இறங்கினால் முதலிடம் பறிபோகும் என்று பாருங்கள். ஆலோசனைக்கும் வேறு கம்பெனிக்கும் வித்தியாசம் 340. வருமானத்தின் எடை 100, ஆகவே அந்த 5 மதிப்பெண் 3.4 இறங்கி 1.6 ஆனால் இரண்டும் சமம். 1.6 என்பது மாதம் சுமார் 56,000 ரூபாய். பெட்ரோல், போன், சாப்பாடு, அச்சுச் செலவு என்று 10,000 சேர்த்தால் 66,000. ஒரு நாளுக்கு 6,000 வீதம் மாதம் 11 நாள்.

‘மனசுக்குப் பிடித்ததைச் செய்யலாமா’ என்ற பெரிய கேள்வி, ‘மாதத்துக்குக் காசு வரும் நாள் 11 கிடைக்குமா’ என்ற சின்னக் கேள்வியாகிவிட்டது. இதற்குப் பதிலை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதிலும் ஒரு சூட்சுமம். கோவையின் தொழிற்பகுதிகளான குறிச்சி சிட்கோவிலும் கணபதியிலும் 12 தொழிற்கூடங்களைப் பட்டியலிடுங்கள். உங்கள் நிறுவனத்துக்குச் சரக்கு கொடுப்பவர்களைச் சேர்க்காதீர்கள். ‘நான் ஆலோசகராக வந்தால் கூப்பிடுவீர்களா’ என்று கேட்காதீர்கள். “வாங்க சார், பார்த்துக்கலாம்” என்பார்கள். அதற்கு மதிப்பு பூஜ்யம். இதைக் கேளுங்கள்: போன வருடம் ஐஎஸ்ஓ வேலைக்கு யாரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை நாள் வந்தார், எவ்வளவு கொடுத்தீர்கள், பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் போனது? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் 15 மாதத்தைத் தின்னப் போவது. உத்யம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இலவசம், செய்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி வாங்கிய இடத்தில் அடுத்த வருட வேலை கிடைக்குமா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஐஎஸ்ஓ 9001 லீட் ஆடிட்டர் (தலைமைத் தணிக்கையாளர்) பயிற்சி 5 நாள், 40 மணி நேரம், முடிவில் தேர்வு. லீவு போட்டு இப்போதே முடிக்கலாம். ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள்: ஆலோசனையும் செய்து, சான்றளிக்கும் அமைப்புக்கு ஆடிட்டராகவும் போய் இரட்டை வருமானம் பார்க்கலாம் என்று. நீங்கள் ஆலோசனை சொன்ன தொழிற்கூடத்தை, அந்த வேலை முடிந்து 2 வருடத்துக்குத் தணிக்கை செய்ய முடியாது. 11 நாளை எண்ணும்போது ஒரே வாடிக்கையாளரை இரண்டு பக்கமும் எண்ணிவிடாதீர்கள்.

நியமனக் கடிதத்தையும் எடுத்துப் படியுங்கள். வெளிவேலை கூடாது என்ற வரி இருக்கும். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்றும் இருக்கும். விசாரிப்பதும் படிப்பதும் வெளிவேலை ஆகாது, பில் போடுவது ஆகும்.

வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுங்கள். கம்பெனி குரூப் பாலிசி நீங்கள் விலகியதும் உங்களோடு வராது. புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அம்மாவின் சர்க்கரைக்கு அந்தக் கடிகாரம் சீக்கிரம் ஓடத் தொடங்குவது நல்லது.

தேதிகளைத் தாளிலேயே எழுதுங்கள். இன்றிலிருந்து 3 மாதத்தில் 12 விசாரிப்பும் முடிய வேண்டும். 6 மாதத்தில், மாதம் 6 நாள் வேலைக்காவது எழுத்தில் ஒப்புதல் வர வேண்டும். வந்தால் ராஜினாமா, வராவிட்டால் ‘வேறு கம்பெனி’ வரிக்குப் போய் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். அதற்கும் இதே எண்கள் பதில் வைத்திருக்கின்றன: இருக்கிற வேலையைவிட 480 அதிகம். விலகிய 9-வது மாதத்தில் சராசரி 8 நாளுக்குக் கீழே இருந்தால், அன்றே வேலை தேடத் தொடங்க வேண்டும். அப்போது கையில் குறைந்தது 6 மாதப் பணம் இருக்கும். பணம் தீர்ந்த பிறகு நேர்காணலில் உட்காருபவரின் சம்பளப் பேரம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனி செக்கு. 9 லட்சமாக இருக்கும்வரை அது உள்ளே வராது. ஆனால் யோசனையைத் தூக்கிப்போட வேண்டாம், வடிவத்தை மாற்றிப் பாருங்கள். கூலிக்கு ஆட்டித் தரும் செக்கில் 50 கிலோ நிலக்கடலைப் பருப்பு கொடுங்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோ போகும், ஆக 20 லிட்டர் கிடைக்கும். பருப்பு விலை, ஆட்டுக் கூலி, பாட்டில் எல்லாவற்றையும் கூட்டி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தால் லிட்டர் அடக்கம் தெரிந்துவிடும். விற்பதற்கு முன் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். நியமனக் கடிதம் இடம் தராவிட்டால் மனைவி பெயரில், அவருக்கும் பள்ளியில் தடை இல்லையென்றால். முதல் 20 லிட்டரைச் சொந்தக்காரர்கள் முகத்துக்காக வாங்கிவிடுவார்கள். அந்தக் கணக்கு வேண்டாம். இரண்டாவது மாதம், நீங்கள் போன் செய்யாமல் தாங்களாகவே கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் குறித்து வையுங்கள்.